கடனும் சம்மதமும்: பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து ஒப்பந்தச் சட்டத்தின் அறம் பற்றி

தமிழில் ‘கடன்’ என்றால் திருப்பிக் கட்ட வேண்டிய பணம். காலைக்கடன், நேர்த்திக்கடன், நீத்தார் கடன் என்கிறபோது அதே சொல் பணத்தை விட்டுவிட்டுக் கடமையாகிவிடுகிறது. ‘நாணயம்’ என்பதும் இப்படித்தான். சட்டைப்பையில் கிடக்கிற காசும் நாணயம். சொன்ன சொல் தவறாதவனிடம் இருப்பதும் நாணயம். ஜெர்மன் மொழியில் குற்றத்துக்கும் கடனுக்கும் ஒரே வேர் இருப்பதைப் பிடித்துக்கொண்டு, 1887இல் நீட்ஷே அறவியலின் வம்சாவளி பற்றிய தனது நூலில் ஒரு பெரிய வாதத்தைக் கட்டினார். வாக்குக் கொடுக்கவும் கொடுத்த வாக்கை நினைவில் வைத்துக்கொள்ளவும் மனித விலங்கைப் பழக்கியெடுத்த வரலாறு, கடன்காரனின் உடம்பில் வலியாக எழுதப்பட்ட வரலாறு என்றார். நம்மூரில் நீட்ஷேயை எடுத்து வீசுகிறவர்கள் அதிகம். பக்கத்திலேயே கிடக்கிற செட்டிநாட்டுப் பேரேட்டைப் புரட்டிப் பார்த்து, கடன் இங்கே எப்படி அறமாயிற்று என்று கேட்டவர்கள் குறைவு.

கேள்வி எளிமையானதுதான். ஒருவன் கொடுத்த வாக்கு அவனை ஏன் கட்டுப்படுத்த வேண்டும்? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர்கள், சுதந்திரமான சம்மதத்தோடு, சட்டத்துக்கு உட்பட்ட பிரதிபலனுக்காக, சட்டத்துக்கு உட்பட்ட நோக்கத்துக்காகச் செய்துகொள்கிற உடன்பாடு ஒப்பந்தமாகும் என்பது 10ஆவது பிரிவு. வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, பொய்யான எடுத்துரைப்பு, தவறான புரிதல் இவற்றால் விளையாத சம்மதமே சுதந்திரமானது என்பது 14ஆவது பிரிவு. ஆக, அஸ்திவாரக் கல் சம்மதம். அவனே சம்மதித்தான், அவனே கட்டட்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இந்த நியாயம் எங்கெங்கே, யார் யாருக்குச் செல்லுபடியாயிற்று என்று பார்க்கப் பொன்னமராவதியும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் நல்ல இடம்.

இன்றைக்குப் பொன்னமராவதி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. 1948 மார்ச் மாதம் வரை தொண்டைமான் சமஸ்தானம். அதாவது பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வெளியே. ஆனால் அங்கிருந்தும் பக்கத்து மேலைச்சிவபுரி, வலையபட்டி போன்ற நகரத்தார் ஊர்களிலிருந்தும் கப்பலேறியவர்கள் ரங்கூனிலும் மௌல்மேனிலும் பினாங்கிலும் பிரிட்டிஷ் சட்டத்தின் கீழ்தான் கடை வைத்தார்கள். வீடு ஒரு ராஜாவின் கீழ், பேரேடு வேறொரு ராஜாவின் கீழ்.

அதற்கு முன்னால் கல்லுக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும். புதுக்கோட்டைச் சீமையின் 14, 15ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் பாடிகாவல் உரிமை கொடுத்த ஆவணங்கள் நிறைய உண்டு. சண்டையும் வறட்சியும் தாங்காத ஊரார் கூடி, ஒரு அரையனைக் கூப்பிட்டு, ஊரைக் காக்கும் உரிமையை அவனுக்கு விற்று, விளைச்சலில் இன்ன பங்கு உனக்கு என்று எழுதி வெட்டிவிடுகிறார்கள். ஹாப்ஸ் 1651இல் தத்துவக் கற்பனையாகச் சொன்ன சமூக ஒப்பந்தம் நம்ம கோயில் சுவரில் பத்திரமாகவே கிடக்கிறது. ஆனால் யாரிடமிருந்து காவல்? பல இடங்களில் காவல்காரனின் ஆட்களிடமிருந்தேதான் என்று சந்தேகப்பட இடமுண்டு. ஊரார் ‘சம்மதித்து’ எழுதிய அந்தக் கல்லைப் படிக்கிறபோது 14ஆவது பிரிவு ஞாபகத்துக்கு வராமலிருப்பதில்லை. அந்தக் காலத்துச் சாசனங்களுக்குக் கெடு, சந்திரனும் சூரியனும் உள்ளவரை. மீறினால் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம். வாக்கைக் காப்பாற்றுகிற வேலையைச் சாபம் செய்தது.

இதோடு சேர்த்து நினைக்க வேண்டியது 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்கிற சுந்தரர் கதை. கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, உன் பாட்டன் எனக்கு எழுதித் தந்த ஆளோலை இது, நீ எனக்கு அடிமை என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. மூல ஓலை கேட்கப்படுகிறது, பாட்டனின் கையெழுத்து வேறு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படுகிறது. சாட்சியச் சட்டத்தின் நுணுக்கமெல்லாம் இருக்கிறது. அந்தணன் இன்னொரு அந்தணனுக்கு அடிமையாவது உண்டா என்ற அந்தஸ்துக் கேள்வியும் எழுகிறது. ‘நான் சம்மதிக்கவில்லையே’ என்ற கேள்வி மட்டும் எழவில்லை. கிழவர் சிவன் என்பதால் நாம் கண்ணீர் மல்கப் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். கிழவர் மிராசுதாராக இருந்தால்? பாட்டன் வாங்கிய நெல்லுக்குப் பேரன் பண்ணையில் உழைத்த கதைகளைத் தஞ்சையில் யாரும் புராணமாகப் பாடி வைக்கவில்லை.

முன்னேறும் சமூகங்களின் பயணம் அந்தஸ்திலிருந்து ஒப்பந்தத்துக்குப் போகிற பயணம் என்று ஹென்றி மெய்ன் 1861இல் எழுதினார். அடுத்த வருஷமே வைஸ்ராயின் சட்ட உறுப்பினராகக் கல்கத்தாவுக்கு வந்தவர் அவர். ஒப்பந்தச் சட்ட மசோதா 1867இல் கொண்டுவரப்பட்டபோது அந்தப் பதவியில் இருந்தவரும் அவரே. சட்டம் நிறைவேறியது அவருக்குப் பின் வந்த ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் காலத்தில். இந்தியர்களை அந்தஸ்திலிருந்து ஒப்பந்தத்துக்கு நகர்த்துகிற காரியத்தைச் சட்டம் செய்யும் என்ற நம்பிக்கை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் அவன் ஒப்பந்தத்தை மீறியது கிரிமினல் விவகாரம். மாஜிஸ்திரேட் உத்தரவுக்குப் பணியாவிட்டால் சிறை. வியாபாரி மீறினால் நஷ்டஈடு, கூலிக்காரன் மீறினால் ஜெயில். 1925 வரை இந்தச் சட்டம் புத்தகத்தில் இருந்தது. கூலிக்காரனைப் பொறுத்தவரை மெய்ன் சொன்ன பயணம் அந்தஸ்திலேயே நின்றுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது செட்டியார் கடைக்கு வருவோம். கடையில் சேர்கிற பையனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பேர். அவனுக்கு மேலே அடுத்தாள். அவனுக்கும் மேலே முதலாளியின் முக்தியார் பெற்ற மேலாள், அதாவது ஏஜண்டு. முதலாளி ஊரிலேயே இருப்பார். மூன்று வருஷக் கணக்குக்கு ஏஜண்டைச் சம்பளம் பேசி அனுப்புவார். சம்பளத்தில் ஒரு பகுதியைப் புறப்படும்போதே கொடுத்துவிடுவதும் வழக்கம். மூன்று வருஷம் முடிந்ததும் புது ஏஜண்டு வருவார். பழையவர் பேரேடு, குறிப்பு, ஐந்தொகை எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருவன் கையில் முழு முதலையும் கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் நிம்மதியாகத் தூங்குவதற்கு எது உத்தரவாதம்?

சட்டம் என்று பாடப்புத்தகம் சொல்லும். டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நகரத்தார் பற்றிய ஆய்வில் வேறு மாதிரி சொல்கிறார்: சாதி அமைப்பே வியாபார நிறுவனமாகவும் வேலை செய்தது. ஒன்பது நகரக் கோயில்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோயிலில் புள்ளி. கல்யாணத்துக்குக் கோயில் மாலை வர வேண்டும். கணக்கில் கை வைத்தவன் வீட்டுக்கு நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் செட்டியார்கள் கூடி மாதாமாதம் நடப்பு வட்டி நிர்ணயித்தார்கள். சாமி கும்பிட்ட இடத்திலேயே வட்டியும் நிர்ணயமாயிற்று. ஒப்பந்தத்தில் எல்லாமே ஒப்பந்தமயமானது இல்லை, அதைத் தாங்கி நிற்பது ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ள சமூகம் என்று துர்கைம் 1893இல் எழுதியதற்கு இதைவிட நல்ல உதாரணம் பிரான்சில் கிடைத்திருக்காது. நாணயம் என்ற சொல்லின் இரண்டு அர்த்தங்களும் இங்கே பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. சாபத்தின் இடத்தை ஊர்வாய் பிடித்துக்கொண்டது.

இதை அப்படியே ஒரு பொற்காலமாக்கி, அந்தக் காலத்தில் வாய்வார்த்தையே போதும் என்று பேசுகிற பெரியவர்கள் உண்டு. அவர்கள் சட்ட அறிக்கைகளின் தொகுதிகளைத் திறந்து பார்க்க வேண்டும். செட்டியார் பெயர் இல்லாத தொகுதியைத் தேடத்தான் வேண்டும்! எனக்கு இவற்றில் ஒன்று முக்கியமாகப் படுகிறது. முத்தையா செட்டி எதிர் கருப்பன் செட்டி, சென்னை உயர்நீதிமன்றம், 1927. தவணை முடிந்த ஏஜண்டின் இடத்துக்குப் புது ஏஜண்டு வருகிறார். பழையவர் கணக்குப் புத்தகங்களைக் கொடுக்க மறுக்கிறார். என்மேல் எந்தப் பாக்கியும் இல்லை, எல்லாப் பொறுப்பிலிருந்தும் விடுவித்தாயிற்று என்று முதலாளி எழுதிக் கொடுத்தால்தான் புத்தகம். முதலாளிக்கு வேறு வழியில்லை. எழுதிக் கொடுக்கிறார். அப்புறம் வழக்கு.

புத்தகத்தில் என்ன இருக்கிறது? எந்த ஊரில் எவன் எவ்வளவு வாங்கினான், என்ன வட்டி, எப்போது தவணை என்கிற எல்லாமும் அதில்தான். கொண்டுவிற்கிற கடையில் முதல் என்பது இரும்புப் பெட்டியில் இருக்கிற பணம் இல்லை. வெளியே நிற்கிற கடன்தான் முதல். அந்தக் கடன் இருக்கிற இடம் பேரேடு. பேரேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டவன் முதலாளியின் சொத்து முழுவதையும் பணயமாகப் பிடித்து வைத்திருக்கிறான். நீதிமன்றம் இதை வற்புறுத்தல் என்றது. ஒப்பந்தம் செய்ய வைக்கும் நோக்கத்தோடு சொத்தைச் சட்டவிரோதமாகத் தடுத்து வைப்பதும் 15ஆவது பிரிவின்படி வற்புறுத்தலே. எனவே அந்த விடுதலைப் பத்திரம் முதலாளியைக் கட்டுப்படுத்தாது, அவர் நினைத்தால் ரத்து செய்யலாம் என்று தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பு நல்ல தீர்ப்பு. அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் ஆளை மிரட்டி வாங்கிய ஒப்பந்தம்தான் கெடும், பொருளை மடக்கி வாங்கியது கெடாது என்ற நிலை. இந்தியச் சட்டம் அந்த வகையில் எஜமானைவிட ஒரு படி மேலே போயிருந்தது. சென்னை உயர்நீதிமன்றமும் இந்த விஷயத்தில் தாராளமாகவே நடந்திருக்கிறது. 1889இல் ஒரு வழக்கு. கணவன் பிணமாகக் கிடக்கிறான். தத்தெடுக்கச் சம்மதித்தால்தான் பிணத்தை எடுக்க விடுவோம் என்று பதின்மூன்று வயது விதவையை உறவினர்கள் மடக்குகிறார்கள். அந்தத் தத்து அவளைக் கட்டுப்படுத்தாது என்றது நீதிமன்றம். 1917இல் இன்னொன்று. சொத்தை எழுதித் தராவிட்டால் செத்துப்போவேன் என்று மனைவியையும் மகனையும் மிரட்டினான் ஒருவன். தற்கொலை செய்துகொண்டவனைத் தண்டிக்க முடியாதே, அது எப்படிக் குற்றம், குற்றமில்லாவிட்டால் எப்படி வற்புறுத்தல் என்று ஒரு நீதிபதி தயங்கினார். மற்ற இருவரும் அது வற்புறுத்தலே என்றார்கள். உறவுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் சம்மதம் எப்படிப் பிழிந்தெடுக்கப்படுகிறது என்பதை இந்த நீதிபதிகள் பார்க்க மறுக்கவில்லை.

ஆக, அன்பும் சாதியும் கோயிலும் சுற்றி நிற்க நடக்கிற கொடுக்கல் வாங்கலிலும் சம்மதம் கெட்டுப்போகலாம் என்று சட்டத்துக்குத் தெரிந்திருந்தது. பேரேட்டை மடக்கி வைத்தால் முதலாளியின் சம்மதம் சுதந்திரமானதில்லை. சரி. அதே பேரேட்டில் கடன்காரனாகப் பேர் எழுதப்பட்டிருக்கிற பர்மிய விவசாயியின் சம்மதம்?

அதற்குப் போகுமுன் ரங்கூன் கடை வாசலில் நிற்கிற ஒரு பையனைப் பார்த்துவிடலாம். மேலைச்சிவபுரியில் 1917இல் பிறந்து, பின்னாளில் தமிழறிஞராகவும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் ஆன வ.சுப. மாணிக்கம்தான் அவர். சிறு வயதிலேயே பர்மாவுக்கு வட்டிக்கடை வேலைக்கு அனுப்பப்பட்டவர். வருமானவரி அதிகாரி வந்தால் முதலாளி இல்லை என்று சொல்லும்படி முதலாளி சொன்னதாகவும், பொய் சொல்ல மாட்டேன் என்று மறுத்ததாகவும், அதனால் வேலை போய் ஊர் திரும்பியதாகவும் பரவலாகச் சொல்லப்படுகிறது. வாசலில் நின்று கேட்கிறவனுக்குப் பொய் சொல்லலாமா என்பது கான்ட் 1797இல் எடுத்துக்கொண்ட அதே கேள்வி. நண்பனைக் கொல்லத் தேடி வந்தவனுக்குக்கூடப் பொய் சொல்லாதே என்று கான்ட் சொன்னதை ஐரோப்பா இன்றுவரை நம்ப முடியாமல் விவாதித்துக்கொண்டிருக்கிறது. செட்டிநாட்டுப் பையன் ஒருவன் அதைச் செய்தே காட்டினான். வந்தவர் கொலைகாரர் இல்லை, வரி அதிகாரி, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கதையை நாம் ஒழுக்கப் பாடமாக மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். ஒப்பந்தத்தின் பக்கம் நின்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 18 வயது நிரம்பாதவன் செய்த ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று பிரிவி கவுன்சில் 1903இல் தீர்த்துவிட்டது. பெட்டியடிக்கு அனுப்பப்படுகிற பையனைச் சட்டம் ஒப்பந்தக்காரனாகவே பார்ப்பதில்லை. சம்மதம் வீட்டுப் பெரியவர்களுடையது, உழைப்பு அவனுடையது. முதலாளியிடம் விசுவாசமாக இரு என்பதே கடையின் நாணயம். அந்த நாணயம் முதலாளிக்கும் ஏஜண்டுக்கும் இடையில், செட்டியாருக்கும் செட்டியாருக்கும் இடையில் ஓடியது. வெளியிலிருந்து வருகிறவனிடம் அது செல்லாக் காசாகவும் இருக்கலாம் என்பதைப் பையன் வாசலில் நின்று கண்டுகொண்டான்.

பர்மாவுக்கு வருவோம். 1929–30இல் விசாரித்த பர்மா வங்கி விசாரணைக் குழுவின் கணக்குப்படி அங்கே செட்டியார் கடைகள் சுமார் 1,650. புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய். கீழ்ப் பர்மாவின் சதுப்பைத் திருத்தி உலகத்தின் நெல் களஞ்சியமாக்கியதில் இந்தப் பணத்துக்குப் பங்கு உண்டு. உள்ளூர் பர்மிய லேவாதேவிக்காரனைவிடச் செட்டியார் வட்டி குறைவு என்பதையும் அந்தக் குழு பதிவு செய்திருக்கிறது. வில்லன் கதை எழுதுகிறவர்கள் இதை மறைக்கிறார்கள், அது சரியில்லை. செட்டியாருக்கு நிலம் வேண்டியதுமில்லை; நிலத்தில் முடங்கிய பணம் செத்த பணம். ஆனால் 1930இல் நெல் விலை சரிந்தது. தவணை கட்ட முடியவில்லை. அடமானப் பத்திரங்கள் கோர்ட்டுக்குப் போயின, அல்லது கோர்ட்டுக்குப் போகாமலேயே நிலம் கைமாறியது. முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்கள் வசம் இருந்தது. 1938இல் 25 சதவீதம். ஒரு சட்டமும் மீறப்படவில்லை. எல்லாம் 1872ஆம் ஆண்டின் சட்டப்படி, கையெழுத்துப்படி, சம்மதப்படி. 1930 டிசம்பரில் தாராவதியில் சாயா சான் கலகம் வெடித்தபோது அவர்கள் எதிர்த்தது வரியை, வெள்ளைக்காரனை. அந்தக் கோபத்துக்குள் கடன் பத்திரமும் இருந்தது.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது? 16ஆவது பிரிவு தகாத செல்வாக்கைப் பற்றியது. 1899இல் திருத்தி எழுதப்பட்டது. அதன் கீழ் உள்ள உதாரணங்களில் அடுத்தடுத்து இரண்டு. ஒன்று: தன் கிராமத்து வட்டிக்காரனுக்கு ஏற்கனவே கடன்பட்டிருக்கிற ஒருவன், அநியாயமாகத் தோன்றுகிற நிபந்தனையில் புதுக்கடன் வாங்குகிறான். தகாத செல்வாக்கு இல்லை என்று நிரூபிக்க வேண்டியது வட்டிக்காரன் பொறுப்பு. அடுத்தது: பணச் சந்தையில் நெருக்கடி. ஒருவன் வங்கியாளரிடம் கடன் கேட்கிறான். வங்கியாளர் வழக்கத்துக்கு மீறிய வட்டி கேட்கிறார். அவன் ஒப்புக்கொள்கிறான். இது சாதாரண வியாபாரம், தகாத செல்வாக்கு ஒன்றுமில்லை.

கிராமத்து வட்டிக்காரன் என்றால் சந்தேகம், வங்கியாளர் என்றால் நம்பிக்கை. இரண்டு பேரும் செய்கிற காரியம் ஒன்றே: எதிராளியின் இக்கட்டை விலையாக்குவது. செட்டியார் யார்? ரங்கூன் மொகல் தெருவில் இம்பீரியல் வங்கியோடு கணக்கு வைத்திருக்கிறபோது வங்கியாளர். கழிமுகக் கிராமத்தில் அடுத்த நடவுக்குப் பணம் கொடுக்கிறபோது வட்டிக்காரர். ஒரே பேரேடு, ஒரே விலாசம். வங்கி விசாரணைக் குழுவின் பக்கங்களில் இந்தப் பெயர்சூட்டும் சண்டை ஓடிக்கொண்டே இருக்கிறது. எந்தப் பெயர் ஒட்டுகிறதோ அதைப் பொறுத்து எதிராளியின் சம்மதம் சுதந்திரமானதாகவோ சந்தேகத்துக்குரியதாகவோ ஆகிவிடுகிறது. சம்மதம் மனசுக்குள் நிகழ்கிற ஒரு சம்பவம் என்று கான்ட் வழி வந்தவர்கள் சொல்லிக்கொண்டிருக்க, சட்டப் புத்தகம் அதைக் கொடுத்தவனுக்கு ஒட்டிய பேரிலிருந்து படித்துக்கொண்டிருந்தது.

15ஆவது பிரிவின் கட்டுமானத்தைப் பாருங்கள். வற்புறுத்தல் என்றால் ஒருவன் செய்கிற செயல். யாரோ ஒருவன் அடிக்க வேண்டும், மிரட்ட வேண்டும், பேரேட்டை மடக்க வேண்டும். செய்தவன் ஒருவன் இருந்தால்தான் வற்புறுத்தல் உண்டு. நெல் விலை யாருடைய செயல்? பசி யாருடைய செயல்? ஆள் இல்லாத வற்புறுத்தலை அந்தப் பிரிவால் பார்க்க முடியாது. 1927இல் முதலாளிக்கு வேறு வழியில்லை என்றபோது எதிரே கருப்பன் என்று ஒருவர் நின்றார். விவசாயிக்கு வேறு வழியில்லை என்றபோது எதிரே நின்றது சந்தை. அதன்மேல் சம்மன் சார்வு செய்ய முடியாது.

அப்புறம் நடந்தது தெரிந்த கதை. 1942இல் ஜப்பான்காரன் வந்தான். பேரேடுகளோடும் இல்லாமலும் ஓடிவந்தார்கள். சுதந்திர பர்மா 1948இல் நில தேசியமயமாக்கல் சட்டம் போட்டது. கையெழுத்திட்ட பத்திரங்கள், கோர்ட்டு டிக்ரிகள் எல்லாம் வெறும் காகிதமாயின. கொடுத்த வாக்கின் புனிதம் பற்றி அப்போது செட்டிநாட்டில் நிறையப் பேசினார்கள். அந்த வருத்தம் பொய்யில்லை. ஆச்சிமார் சீதனப் பணமும் அதில் போயிற்று. ஆனால் வாக்கின் புனிதம் பற்றிய பேச்சு, 1930களில் நிலத்தை இழந்தவன் வீட்டில் எந்த மொழியில் நடந்திருக்கும் என்பதையும் சேர்த்தே கேட்டாக வேண்டும்.

சட்டத்துக்குள்ளேயே இதற்கு ஒரு பதில் வந்தது, ஆனால் ஒப்பந்தச் சட்டத்திலிருந்து வரவில்லை. 1982இல், ஏசியாட் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், நீதிபதி பகவதி அரசியல் சட்டத்தின் 23ஆவது ஷரத்தில் உள்ள கட்டாய உழைப்புக்கு விளக்கம் சொன்னார். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவன் வேலை செய்ய ஒப்புக்கொண்டால், அவனை ஒப்புக்கொள்ள வைத்தது பசியும் வறுமையும்தான். அந்தப் பொருளாதார நிர்ப்பந்தமும் பலவந்தமே. அடிக்கிற ஆள் தேவையில்லை. 1986இல் மத்திய உள்நாட்டு நீர்ப்போக்குவரத்துக் கழக வழக்கில், பேரம் பேசும் பலத்தில் ஏற்றத்தாழ்வு உள்ள இடத்தில் கையெழுத்தான மனசாட்சிக்கு ஒவ்வாத ஷரத்து பொதுக்கொள்கைக்கு விரோதம், 23ஆவது பிரிவின்படி செல்லாது என்றார்கள். இரண்டும் வேலை பற்றியவை, கூலிக்கும் உத்தியோகத்துக்கும் பொருந்துபவை. கடன் பத்திரத்துக்கு அந்த வெளிச்சம் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. தமிழ்நாட்டில் 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது, அது வட்டியின் அளவைப் பார்க்கிறது. 2025இல் கடன் நிறுவனங்களின் கட்டாய வசூலைத் தடுக்கச் சட்டமன்றம் இன்னொரு சட்டம் நிறைவேற்றியது. அது வசூலிக்க வாசலில் வந்து நிற்கிறவனைப் பார்க்கிறது. குழுக்கடனுக்கு ஒரு பெண் கையெழுத்துப் போடுகிற அந்தக் காலை நேரம், ஆஸ்பத்திரிச் செலவோ பிள்ளையின் ஃபீஸோ அவள் பின்னால் நிற்க, முன்னால் அச்சடித்த படிவத்தில் ‘என் முழுச் சம்மதத்துடன்’ என்ற வரி இருக்கிற நேரம், இரண்டு சட்டத்துக்கும் வெளியேதான் இருக்கிறது.